புகையா, நிழலா, ஒளியா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளையின் தாயார் ஒருவர் அண்மையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளை எழுதிய கட்டுரையில் 'புகைப்படம்' என்ற சொல்லை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'நிழற்படம்' என்று எழுதியிருக்கிறார். அந்தத் தாயார் சிறுமியாக இருந்தபோது அவருடைய ஆசிரியர் 'நிழற்படம்' என்ற சொல்லை அடித்து 'புகைப்படம்' என்று எழுதினாராம். "எதுங்கய்யா சரி? இப்போ என் தங்கச்சி மகன் 'ஒளிப்படம்'னு எழுதுறான். நாங்க வீட்டுல போட்டோன்னுதான் சொல்றோம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தபோது, இது சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வி அல்ல என்று பட்டது. ஆகவே இன்றைக்கு அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

புகைப்படம் என்ற சொல்லின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். படத்தில் புகை எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். அதற்குப் பதிலாக, அந்தக் காலத்துப் படக்காரர் மக்னீசியத் தூளைக் கொளுத்தியதைச் சொல்வார்கள். ஒரு தட்டில் தூளைப் பரப்பித் தூக்கிப் பிடிப்பார். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அதன் பின் குப்பென்று வெண்புகை. அந்தத் தூள் ஜெர்மனியில் 1887ஆம் ஆண்டு உருவானது. 1930 வாக்கில் பல்பு வந்ததும் தூளும் புகையும் மெல்ல மறைந்தன. மறைந்துபோன புகைக்கு இன்னும் ஏன் ஒரு சொல் என்பதுதான் எதிர்ப்பவர்களின் வாதம்.

ஆனால் இந்தக் கலை பிறந்த 1839ஆம் ஆண்டுக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஓர் ஆண்டுக்குள் மூன்று பேர் மூன்று விதமாக இதைப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் டால்பட் என்பவர் ஜனவரி மாதம் தம் ஆய்வை வெளியிட்டபோது, நிழலை நிலைக்கச் செய்யும் கலை என்று அதைச் சொன்னார். அப்படியானால் நிழற்படம். மார்ச் மாதத்தில் அவருடைய நண்பரான வானியல் அறிஞர் ஹெர்ஷல், ஒளி என்றும் எழுத்து என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'போட்டோகிராபி' என்று எழுதினார். உலகம் ஏற்றுக்கொண்டது அதைத்தான். அப்படியானால் ஒளிப்படம். பிரான்சில் டாகேர் என்பவரின் முறை ஆகஸ்ட் 19ஆம் நாள் ஊரறிய வெளியிடப்பட்டது. அவருடைய முறை என்ன தெரியுமா? வெள்ளி பூசிய செப்புத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டுவார்கள். பிறகு கேமராவுக்குள் வைத்து வெளிச்சம் படச் செய்வார்கள். வெளியே எடுத்தால் தகட்டில் ஒன்றும் தெரியாது. அதைச் சூடான பாதரசத்தின் ஆவிக்கு மேல் பிடிப்பார்கள். அப்போதுதான் முகம் மெதுவாக வெளிவரும். புகையில் பிறந்த படம்தான் அது!

தமிழில் 'புகைப்படம்' என்று முதலில் எழுதியவர் டாகேரின் பாதரசத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதினார் என்று நான் வாதாட வரவில்லை. மூன்று சொல்லுக்கும் நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நம் அண்டை வீட்டாரையும் பாருங்கள். கான்டனீஸ் பேசும் சீனர்கள் படம் எடுப்பதை 'யிங் சோங்' என்கிறார்கள். அதில் 'யிங்' என்றால் நிழல். மலாய்க்காரர்களோ புகையையும் நிழலையும் தேடிப் போகவில்லை. 'கம்பார்' என்று முடித்துக்கொண்டார்கள். வரைந்த ஓவியமும் கம்பார், கேமராவில் எடுத்ததும் கம்பார், திரையில் ஓடியதும் ஒரு காலத்தில் 'வாயாங் கம்பார்'.

நம் மண்ணில் இந்தப் புதுமையைக் கண்டு எழுதி வைத்தவர்களில் முதன்மையானவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்தவர், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். அவருடைய முன்னோரில் ஒருவர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே பெண் கட்டியவர். அக்கால மலாக்காவில் வியாபாரக் கணக்கு வழக்குகளுக்குத் தமிழ் வேண்டியிருந்ததால், அப்துல்லாவைத் தமிழ் படிக்கவும் அனுப்பினார்கள். அவர் எழுதிய 'ஹிகாயத் அப்துல்லா' 1849ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அச்சாகி வெளிவந்தது. அமெரிக்கக் கப்பலில் வந்த மருத்துவர் ஒருவர் எடுத்த சிங்கப்பூர் நகரத்தின் உருவத்தை வெள்ளித் தகட்டில் கண்டு வியந்ததை அதில் அவர் சொல்கிறார். தமிழ் எழுத்தும் கணக்கும் கற்ற ஒரு மனிதர், இந்த வட்டாரத்தில் எடுத்த படத்தைப் பார்த்து முதன்முதலில் அதிசயித்து எழுதியிருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதற்குப் பின் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் காலம் வந்தது. சிங்கப்பூரில் தங்கும் விடுதி நடத்திய டுட்ரொன்குவா என்ற பிரெஞ்சுக்காரர், 1843 டிசம்பரில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். ஒருவருக்கு 10 வெள்ளி; இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் 15 வெள்ளி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கும் சாலை போட்டவனுக்கும் அது எட்டாத பணம்.

எட்டாத பணம் என்றாலும், நம்மவர்களின் கை அந்தத் தொழிலில் பட்டிருக்கிறது. ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862 வாக்கில் பினாங்குக்கு வந்து சில மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். பின்னாளில் சீனாவைப் படம் எடுத்துப் பெரும் புகழ் பெற்றவர் அவர். 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் ஒரு செய்தியைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். பினாங்கில் படங்களை அச்சிடவும் உதவி செய்யவும் மெட்ராஸ்காரர்கள் இருவரைப் பழக்கினாராம். சீனர்கள் இதைப் பேய் வேலை என்று அஞ்சி அப்போது முன்வரவில்லையாம். அந்த இரண்டு பேர் யார், எந்த ஊர், பிறகு என்ன ஆனார்கள்? நூலில் அவர்கள் 'இரண்டு மெட்ராஸ் ஆட்கள்', அவ்வளவுதான். பினாங்கின் பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம், இதை இருட்டறையில் கழுவிக் காயப்போட்டது அந்த இருவரில் ஒருவராக இருக்குமோ என்று எனக்குத் தோன்றும்.

படம் எடுத்த கைக்குத்தான் பெயரில்லை என்றால், படத்தில் இருந்த முகத்துக்கும் பெயரில்லை. சிங்கப்பூரில் 1867இல் தொடங்கிய லாம்பர்ட் நிறுவனம், இவ்வட்டாரத்து மக்களை வகை வகையாகப் படம் எடுத்து வெளிநாட்டவருக்கு விற்றது. பின்னர் அவை அஞ்சலட்டைகளாகவும் வந்தன. மூக்குத்தி போட்ட நம் பெண்கள், மாட்டு வண்டிக்காரர், திருநீறு பூசிய செட்டியார் எல்லாரும் அவற்றில் இருக்கிறார்கள். படத்துக்குக் கீழே ஆளின் பெயர் இருக்காது. 'தமிழ்ப் பெண்' என்று இருக்கும், அல்லது நாம் கேட்கக் கூசும் 'கிளிங்' என்ற சொல் இருக்கும். யாரோ ஒருவருடைய கொள்ளுப்பாட்டி அவர். இன்று அந்த அட்டைகள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன.

இனி, புகையையும் நிழலையும் ஒளியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுகிற சொல்லுக்கு வருவோம். படம்.

கேமராவுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்த சொல் இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தால் படம் என்பதற்குத் துணி என்ற பொருளும் இருக்கும், சித்திரம் என்ற பொருளும் இருக்கும், பாம்பின் படமும் இருக்கும். வடமொழியிலும் 'பட' என்றால் துணிதான். துணியில் வரைந்ததால் சித்திரத்துக்குத் துணியின் பெயரே வந்தது. துணி போய்த் தாள் வந்தது, தாள் போய்க் கண்ணாடித் திரை வந்தது. சொல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

நம் நாட்டுத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை அகராதி சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் படம் என்றால், திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்னால் இடம் கிடைக்காதவர்கள் பின்னால் உட்கார்ந்து, கதாநாயகன் இடக்கையால் சண்டை போடுவதைப் பார்ப்பார்கள். பட்டணத்துச் சீனர் கடையில் படம் எடுக்கப் போனாலும் துணிதான். மாடிப்படியும் பூந்தொட்டியும் ஏரியும் தீட்டிய திரைச்சீலை பின்னால் தொங்கும். முன்னால் ஒரு நாற்காலி. லயத்து வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லாதவர், அரண்மனைப் படிக்கட்டின் முன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். 'படம் காட்டாதே' என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அந்தப் பேச்சுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

படத்தை நாம் 'எடுக்கிறோம்', 'பிடிக்கிறோம்'. மலாயிலும் 'அம்பில் கம்பார்' என்றால் படம் எடு, 'தங்காப் கம்பார்' என்றால் படம் பிடி. திருடனைப் பிடிப்பதும் தங்காப், மீனைப் பிடிப்பதும் தங்காப். யார் யாரிடம் கற்றுக்கொண்டோம் என்று நான் ஆராயப் போவதில்லை. ஒரே கடைவீதியில் ஒரே கேமராவுக்கு முன் நின்றவர்கள் நாம்.

இப்போது, நம் மக்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே 'பிடிக்கப்பட்ட' ஆண்டுக்கு வருகிறேன். 1948.

அந்த ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட நிர்வாகிகளான ஐரோப்பியர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதியாக, 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் பதிவு செய்துகொண்டு, படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டு கார்டு வந்தது. பதிவுக்காரர்களும் படக்காரர்களும் தோட்டம் தோட்டமாக, கம்பம் கம்பமாகப் போனார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகள் மக்களின் கார்டுகளைப் பறித்துக் கிழித்துப் போட்டார்கள். கார்டு இல்லாதவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் போலீசார். ஒரு சிறு படத்துக்காக உயிர் ஊசலாடிய காலம் அது.

என் பாட்டி அப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். விடியலில் பெரட்டு நடக்கும் களத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதற்கு முன் பெஞ்சு போட்டார்களாம். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன் என்று சொல்லுவார். வாழ்நாளில் இரண்டே முறைதான் பாட்டி கேமராவுக்கு முன் உட்கார்ந்தார். இரண்டாவது தடவை, பின்னாளில் கார்டு மாற்றியபோது. இரண்டும் அரசாங்கத்துக்காக. கார்டை வெற்றிலைச் சுருக்குப் பையில்தான் வைத்திருப்பார். அதன் ஓரத்தில் காவிக் கறை இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் இருந்த முகம்தான் எனக்கு நினைவுக்கு வர மறுக்கிறது.

1974இல் பாட்டி காலமானார். இறப்பைப் பதியப் போன இடத்தில் கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சட்டம் அப்படித்தான். அப்பா கொடுத்துவிட்டு வந்தார். படத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கருமாதிக்கு முதல் நாள் சித்தப்பா, "அம்மா படத்த எங்க வைக்கிறது?" என்று கேட்டபோதுதான் வீடே அமைதியானது.

ஏழு ஆண்டுகள் கழித்துத் தாத்தா இறந்தபோது நாங்கள் விழித்துக்கொண்டோம். கார்டோடு முதலில் போனது பட்டணத்துப் படக் கடைக்குத்தான். கடைக்காரர் கார்டுப் படத்தைப் பெரிதாக்கித் தருவதாகச் சொல்லிவிட்டு, கோட்டு வேண்டுமா என்று மலாயில் கேட்டார். அப்பாவுக்குப் புரியவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டார். படம் வந்தபோது, ஆயுளில் கோட்டைத் தொட்டிராத என் தாத்தா கறுப்புக் கோட்டும் டையும் அணிந்திருந்தார்! தூரிகையால் தீட்டியது. அதை மாட்ட அப்பா சுவரில் இரண்டு ஆணி அடித்தார். ஒன்றில் தாத்தா. பக்கத்து ஆணி காலியாகவே இருந்தது. சில வருடங்களுக்குப் பிறகு அதில் மளிகைக் கடை நாள்காட்டியைத் தொங்கவிட்டோம்.

உங்களில் பலருக்கும் இப்படி ஓர் ஆணி இருக்கும் என்று நினைக்கிறேன். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத ஆயிரமாயிரம் தமிழர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் 1942, 1943இல் போனவர்கள். கார்டு வந்தது 1948இல். அரசாங்கம் பிடித்த படம்கூட அவர்களுக்கு இல்லை.

'அவர் படமாகிவிட்டார்' என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. வெள்ளைக்காரர்களின் பேச்சில் இறந்தவர் படமாவதாக நான் கேட்டதில்லை. நமக்கு அது இயல்பாக வருகிறது. சாமிப் படமும் தாத்தா படமும் ஒரே சுவரில், ஒரே பொட்டு, ஒரே மாலை. வெள்ளிக்கிழமை ஊதுபத்தி இரண்டுக்கும் காட்டப்படும். (அங்கேயும் ஒரு புகை வந்துவிட்டது, கவனித்தீர்களா?) சடங்கே வேண்டாம் என்ற தன்மான இயக்கத்தார்கூடப் படத்தை விடவில்லை. பெரியார் 1929லும் 1954லும் மலாயாவுக்கு வந்து பேசியவர். அவர் வழி நின்றவர்கள் ஐயரைக் கூப்பிடாமல், மந்திரம் ஓதாமல், படத்திறப்பு நடத்தினார்கள். திரையை விலக்கி, மறைந்தவரின் உருவத்தை ஊரார்முன் வைத்து, அவர் செய்ததை நாலு பேர் எழுந்து சொல்வார்கள். பக்தருக்கும் படம் வேண்டும், பகுத்தறிவாளருக்கும் படம் வேண்டும்.

ஆகவே அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதில் இதுதான். பேச்சில் படம் என்றே சொல்லுங்கள். போட்டோ என்றாலும் குடி முழுகிவிடாது. எழுத்தில் புகைப்படம் என்பதை அடித்தது அவசியமில்லாத வேலை. பத்திரிகையும் அரசாங்கப் பாரமும் இரு தலைமுறையாகப் புழங்கிய சொல் அது. நிழற்படமும் ஒளிப்படமும் எழுதுகிறவர் விருப்பம். எனக்கென்று கேட்டால் நிழற்படம் பிடிக்கும். தேர்வில் எது வேண்டுமானாலும் எழுதட்டும், மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, மகள் என்ன எழுதியிருந்தாள் என்று வாசித்துக் காட்டினார். குடும்பத்தைப் பற்றிய கட்டுரை. "எங்கள் வீட்டுப் புகைப்படத்தில் இருப்பவர் யார் என்று அம்மாவுக்கும் தெரியாது" என்பது வாக்கியம். ஆசிரியர் திருத்தியது ஒரு சொல்லை மட்டும்.

அதைக் கேட்ட பிறகு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. மறு வாரம் என் அத்தையைப் பார்க்க ஈப்போவுக்குப் போனேன். அத்தைக்கு 86 வயது. அவரிடம் பழைய பிஸ்கட் டின் ஒன்று நிறையப் படங்கள் இருக்கின்றன. பேனா வேண்டாம், மை ஊறிவிடும் என்று பென்சில் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். அத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பெயரைச் சொல்ல, பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். பசியாறியதிலிருந்து மதியம் வரை 58 படங்கள் பார்த்தோம். 41 பேருக்குப் பெயர் கிடைத்தது. பெரிய கிராணி வீட்டுக் கல்யாணம், மாரியம்மன் கோயில் தீமிதி, யாருடைய மடியிலோ நான்.

அடியில் ஒரு படம். ஓரம் செல்லரித்தது. ரப்பர் மரத்தடியில் வாளியோடு ஐந்தாறு பெண்கள். யார் எடுத்தது, எதற்காக எடுத்தது என்று அத்தைக்கும் தெரியவில்லை. கடைசியில் நிற்கும் பெண் திரும்பிவிட்டதால் முகம் கலங்கியிருக்கிறது. தலையில் துணி கட்டி, இடுப்பில் சுருக்குப் பை.

"அத்தை, இது யாரு?"

அத்தை படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "எங்கம்மா மாதிரி இருக்கு, தம்பி. ஆனா சொல்ல முடியாது. எல்லாரும் அப்படித்தான் துணி கட்டுவோம்" என்றார்.

அந்தப் படத்தின் பின்னால் நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. பென்சில் டின்னுக்குள்ளேயே இருக்கிறது.